மேசையிலேயே கிடந்த எச்சரிக்கை

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், அப்புறம் கொழும்பு ஹோட்டல்கள் மூன்று. ஒரே காலையில் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் போய்விட்டார்கள். சீயோனில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியவில் இரத்தம் தெறித்த இயேசு சொரூபத்தைத் துடைக்காமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஆறாதது வேறொன்று. தாக்குதல் நடக்கலாம் என்று ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து உளவுத் தகவல் வந்துவிட்டது. அதிகாரிகளுக்குள் கடிதம் சுற்றியது. பூசைக்குப் போன சனத்துக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. தாக்குதலுக்குப் பின்னால் இருந்தது யார் என்று குடும்பங்கள் கேட்டுக் களைத்துவிட்டன. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. சரி, கட்டினார். அதையும் தவணை தவணையாகத்தான்.