வியர்வைக்குப் பயந்து வாங்கிய குளிராடைகள்

இமயமலையில் கேதார்காந்தா சிகரம் ஏறப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், அம்மா பரணிலிருந்து குரங்குக் குல்லாவை எடுத்து வைத்துவிட்டார். சென்னைக்காரர்களின் குளிர் அறிவு பெரும்பாலும் அந்தக் குல்லாவோடு முடிந்துவிடும். இந்த நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் நூறாண்டுக்கு முந்தைய கணக்கு. மிஞ்சிப்போனால் ஊட்டியின் உறைபனியைப் பார்த்திருப்போம். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் கேதார்காந்தாவோ 3,810 மீட்டர். டிசம்பர் இரவுகளில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி என்பது சர்வசாதாரணம்.

இருந்தாலும் சொல்கிறேன், நம்மூர்க்காரர்கள் குளிரைவிட வியர்வைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பனியில் நடந்தாலும், பை சுமந்து ஏறுகிறவர் உடம்பு கொதிக்கத்தான் செய்யும். அந்த வியர்வையைப் பருத்தி பனியன் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மூச்சு வாங்க நின்ற சில நிமிடங்களில் முதுகு சில்லிட்டுவிடுவது இதனால்தான். பருத்தியே உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்த நமக்கு, பாலியெஸ்டரைத் தேடி அலைவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மெரினோ ஆட்டுக் கம்பளியில் தெர்மல், அதாவது உடம்பை ஒட்டிப் போடும் குளிர் உள்ளாடை கிடைக்கிறது. வியர்வை நாற்றம் லேசில் ஒட்டாது, அருமையானது. விலையைப் பார்த்துவிட்டு பாலியெஸ்டருக்கே திரும்பினேன்.

தெர்மலுக்கு மேல் ஒரு ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை. நடக்கும்போது பெரும்பாலும் இவ்வளவு போதும். இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் நிற்கும்போதும் முகாமிலும் போட்டுக்கொள்ள மட்டும். இறகுகளுக்கு இடையில் அடைபட்ட காற்றுதான் சூடு காக்கிறது. நனைந்தால் இறகு ஒட்டிப்போய் அந்தக் காற்றும் போய்விடும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கடையில், “மைனஸ் பத்து வரைக்கும் தாங்கும் சார்” என்று ஒரு ஜாக்கெட்டை நீட்டினார் விற்பனைப் பையன். நடப்பவருக்கா, நிற்பவருக்கா என்று கேட்டேன். சிரித்தார். ஸ்லீப்பிங் பேக்கிலும் இதே வம்பு உண்டு. அதில் வசதியாகத் தூங்கும் வெப்பநிலை ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை வெப்பநிலை ஒன்று என இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். முதல் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் வெளியே போடும் மழைத் தடுப்பு ஜாக்கெட்டைச் சோதிக்க மட்டும் சென்னையை விட்டால் வேறு ஊர் கிடையாது. நவம்பர் மழையில் சாதாரண ரப்பர் மழைக்கோட்டோடு வேளச்சேரி வரை ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். வெளியிலிருந்து ஒரு சொட்டு நுழையாது. உள்ளே சட்டை பிழியலாம். மலையிலும் அதுவேதான் நடக்கும். ஆவியை வெளியே விடும் துணியாக இருக்க வேண்டும். அக்குளுக்குக் கீழே ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. நம் காற்றின் ஈரப்பதத்தில் ஓரளவாவது தாக்குப்பிடிக்கும் ஜாக்கெட், இமயமலையின் வறண்ட காற்றில் ராஜநடை போடும்.

பணத்தைக் கொட்ட வேண்டிய ஒரே இடம் ஷூ. பகல் முழுக்க நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு போய் வாங்குங்கள். ஏறும்போது எந்த ஷூவும் நல்ல பிள்ளைதான். இறங்கும்போது கால்விரல் முன்பக்கம் இடித்தால் நகம் கறுத்துவிடும். தட்டையான சென்னையில் இறக்கத்துக்கு எங்கே போவது? பரங்கிமலைப் படிகள் இருக்கின்றன. புது ஷூவும் அரிசி மூட்டை வைத்த பையுமாக ஏறி இறங்கினேன். தேவாலயத்துக்கு வந்த பாட்டி ஒருவர், “வேண்டுதலா தம்பி?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் முள்சங்கிலி, கணுக்கால் உறை, ஊன்றுகோல் எல்லாம் அடிவாரக் கிராமமான சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கின்றன. இங்கிருந்து சுமக்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடியை மட்டும் நல்லதாக இங்கேயே வாங்கிவிடுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண் கூசுவதோடு நிற்காது, தற்காலிகமாகப் பார்வையே போகலாம். பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ராத்திரி அதையும் போனையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

உச்சிக்கு இருட்டிலேயே கிளம்பினோம். தலைவிளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் ஏறியதுமே ஃப்ளீஸைக் கழற்ற வேண்டியிருந்தது. மேலே, எதிரே ஸ்வர்க்காரோஹிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் விடியலில் சிவந்துகொண்டிருந்தபோது டவுன் ஜாக்கெட் வெளியே வந்தது. காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒருசேர மூடியது அம்மாவின் குல்லாதான்.

திரும்பி வந்தபின் டவுன் ஜாக்கெட்டை அமுக்கிச் சுருட்டி வைக்காமல் அலமாரியில் தளர்வாகத் தொங்கவிட்டிருக்கிறேன். ஷூவுக்கு நம்மூர் ஈரக்காற்று எமன். பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த அடிப்பாகம் கொண்ட ஷூக்கள் போடாமல் வைத்திருந்தாலே சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். நண்பரிடம் இரவல் வாங்குகிறவர்கள் அடிப்பாகத்தை நன்றாக வளைத்துப் பார்த்து, இரண்டு நாள் தெருவில் நடந்துவிட்டு ரயில் ஏறுங்கள்.