வலப்பக்கம் மட்டும் வாடுவது ஏன்? – என் பவளத் தொட்டி நாட்குறிப்பு

2025 மார்ச் 2, ஞாயிறு

இன்றிலிருந்து தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். ஞாபகத்தை நம்பியே இரண்டு வாரம் போய்விட்டது.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருப்பது மூன்றடித் தொட்டி. கீழே இருக்கும் சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் 230 லிட்டர் உப்புநீர். இரண்டு எல்இடி விளக்கு, நீரோட்டம் உண்டாக்கும் இரண்டு வேவ்மேக்கர், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு ஸ்கிம்மர். இந்த ஊர் வெக்கையில் தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்த ஒரு சில்லர். மூன்று வருஷமாக எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இப்போது இடது பாதி செழிப்பாக இருக்கிறது, வலது பாதி வாடுகிறது. இடப்பக்கம் டார்ச் பவளம் விரல் விரலாக விரிந்து ஆடுகிறது. வலப்பக்கம் பல வாய்கள் கொண்ட அக்கான் பவளம் சுருங்கிக் கிடக்கிறது. அதன் இரண்டு வாய்களில் சதையே இல்லை, வெறும் வெள்ளை எலும்பு. பக்கத்து ஃபேவியா பவளத்தின் ஓரம் அரை அங்குலத்துக்குக் கரைந்துவிட்டது. மேலே தட்டுபோல் வளர்ந்த ஆரஞ்சு மான்டிபோரா பவளம், பத்து முறை துவைத்த துணிபோலச் சாயம் இறங்கி நிற்கிறது.

போன ஞாயிறு இதைப் பார்த்துப் பதறி ஒரே நாளில் மூன்று காரியம் செய்தேன். பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தைப் போட்டேன். பவளத்துக்கென்று ஒரு புது உணவு ஆரம்பித்தேன். தண்ணீரை வடிகட்டும் கார்பனை மாற்றினேன். அதனால் எது மாறியதற்கு எது காரணம் என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மருந்தையும் உணவையும் இன்று எடுத்துவிட்டேன். இனி ஒரு பவளத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான்.

சோதனைகள்: உப்பு 35. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரில் சரிபார்க்காமல் 35 அளவுள்ள திரவத்திலேயே சரிபார்த்தேன், அதனால் நம்பலாம். கேஎச் (காரத்தன்மை) 8.1, கால்சியம் 430, மெக்னீசியம் 1340, நைட்ரேட் 8. ஹன்னா செக்கர் என்ற கைக்கருவியில் பாஸ்பரஸ் 9 வந்தது. அதை 3.066 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் 0.028. மருந்து போடுவதற்கு முன் 0.06 இருந்தது. இரண்டுமே ஆபத்தான எண் இல்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது. அப்புறம் ஏன் அக்கான் சாகிறது?

மார்ச் 3, திங்கள்

அலுவலகம் போகும் ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். சம்ப் பம்ப் ஒரு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரையும் பல சுற்று சுற்ற வைக்கிறது. இடப்பக்க டார்ச் குடிக்கும் தண்ணீரைத்தான் வலப்பக்க அக்கானும் குடிக்கிறது. தண்ணீரில் கோளாறு என்றால் இரண்டுமே வாட வேண்டும். ஆகவே நான் நேற்று இரவெல்லாம் சோதனைக் குழாய்களைக் குலுக்கியது தவறான இடத்தில் தேடியதுதான். இடத்துக்கு இடம் மாறுவது எது? வெளிச்சம், நீரோட்டம், பக்கத்தில் இருப்பவர் யார், மேலே ஒட்டியிருக்கும் பூச்சி. இவ்வளவுதான்.

சாயங்காலம் தொட்டியை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு தாளில் வரைந்தேன். பதினான்கு பவளங்களையும் குறித்து, சதை போனவற்றுக்குச் சிவப்பு, நிறம் மட்டும் வெளிறியவற்றுக்கு மஞ்சள் வைத்தேன். வைத்து முடித்ததும்தான் தெரிந்தது, இது இட வலச் சிக்கலே இல்லை. மஞ்சள் இரண்டும் பாறையின் உச்சியில் இருக்கின்றன. சிவப்பு மூன்றும் கீழே, ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில். இரண்டு வேறு நோயை ஒரே நோயாக நினைத்திருக்கிறேன்.

புதிதாகப் பவளம் வளர்ப்பவர்கள் இந்த வித்தியாசத்தை முதலில் கற்க வேண்டும். பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியால் வருவது. அந்தப் பாசி குறைந்தால் சதை கண்ணாடிபோல் ஆகி உள்ளே எலும்பின் வெள்ளை தெரியும். ஆனால் சதை இருக்கும், பாலிப் என்ற அதன் சின்ன உடல்கள் வெளியே வரும். அது வெளிறல், மீளக்கூடியது. சதையே உரிந்து எலும்பு வெறுமையாக நின்றால் அது வேறு. அங்கே யாரோ கொட்டியிருக்கலாம், ஏதோ தின்றிருக்கலாம், நோய் தொற்றியிருக்கலாம்.

மார்ச் 5, புதன்

ஈசூனில் இருக்கும் நண்பர், பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் தன் பார் மீட்டரைக் கொடுத்தார். "அண்ணே, ஒரு வாரம் வச்சிக்குங்க, அவசரமில்ல" என்றார். பெரிய உதவி.

மான்டிபோரா உட்கார்ந்திருக்கும் வலது உச்சியில் 340. அதே உயரத்தில் இடப்பக்கம் 210. இரண்டு விளக்கும் ஒரே மாடல், ஒரே அளவில் எரிகின்றன. ஸ்டூலில் ஏறி இடது விளக்கை அவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்க அக்ரிலிக் மூடியில் உப்பு, மாவு தூவியதுபோல் படிந்திருந்தது. அலை மோதித் தெறிப்பது அந்தப் பக்கம்தான். ஈரத்துணியால் துடைத்து மாட்டியதும் 290.

சங்கிலி இப்போது புரிகிறது. பிப்ரவரி தொடக்கத்தில் இடது ஓரத்து ஹாம்மர் பவளம் மந்தமாக இருக்கிறதே என்று இரண்டு விளக்கையும் ஒரே நாளில் 15 சதவீதம் கூட்டினேன். மந்தத்துக்குக் காரணம் உப்புப் படிவு. நான் கூட்டியதன் முழு வேகத்தையும் வாங்கியது சுத்தமாக இருந்த வலப்பக்கம். மான்டிபோராவுக்கு 340 என்பது தாங்காத அளவு அல்ல. அதை ஒரே நாளில் அந்த அளவுக்கு ஏற்றியதுதான் தப்பு. இரண்டையும் பழைய அளவுக்கும் கீழே இறக்கி, நான்கு வாரத்தில் படிப்படியாக ஏறும்படி வைத்திருக்கிறேன்.

மஞ்சளுக்கு விடை வந்தது. சிவப்பு பாக்கி.

மார்ச் 7, வெள்ளி (எழுதும்போது சனி பிறந்துவிட்டது)

பவளத்துக்குப் பகல் ஒரு முகம், இரவு ஒரு முகம் என்று படித்திருக்கிறேன். ஆனால் விளக்கணைந்த பிறகு என் தொட்டியை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. இன்று கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு, ராத்திரி போய் உட்கார்ந்தேன். சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாகக் கலைக்காது.

முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தபோது கலாக்ஸியாவின் மேல் ஏதோ மினுங்கியது. பகலில் இது என் தொட்டியிலேயே சாதுவான பவளம். பச்சைப் பூக்கொத்துபோல் உள்ளங்கை அளவு இடத்தில் இருக்கும், வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் ரசிப்பார்கள். இப்போது அதிலிருந்து ஏழெட்டு இழைகள் கிளம்பி நீரோட்டத்தில் மிதக்கின்றன. நூலைவிட மெல்லியவை, நிறமே இல்லை, நுனியில் மட்டும் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளி. மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, சேமியா மாதிரி தொங்குது?" என்றாள். அளவுகோலைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நீளமானது 16 சென்டிமீட்டர்.

அந்த நுனி அக்கானின் மேல் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார்ந்தது. தொட்ட இடத்தில் சதை உள்ளே இழுத்துக்கொண்டது. பார்க்கப் பாவமாக இருந்தது.

கொட்டும் செல்கள் நிறைந்த இந்த இழைகளால்தான் கலாக்ஸியா தன்னைச் சுற்றி இடம் பிடிக்கிறது. கடலிலும் இதுதான் வழக்கம். பாறையில் இடம் குறைவு, எல்லோருக்கும் வெளிச்சம் வேண்டும்.

ஆனால் இரண்டு வருஷமாக அக்கானும் கலாக்ஸியாவும் இதே இடத்தில்தானே இருந்தன? அதற்கும் விடை கிடைத்துவிட்டது. பிப்ரவரி நடுவில் வலது வேவ்மேக்கர் நின்றுபோனது. புதிது வரும்வரை ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன். இரண்டும் மாறி மாறி அடித்தபோது நீர் குழம்பிப் புரளும், இழை ஒரு பக்கமாக நீளாது. இடதுபக்கம் மட்டும் அடித்தால் ராத்திரி முழுக்க நீர் ஒரே திசையில் போகும். அந்தத் திசையில், கலாக்ஸியாவுக்கு அடுத்து அக்கான், ஃபேவியா, அதற்கும் அப்பால் சின்னதாக ஒரு ஸோவா கூட்டம் (எலும்பில்லாத, பவளத்தின் உறவு). மூன்று சிவப்புப் புள்ளிகள்.

மார்ச் 8, சனி

காலையிலேயே புது வேவ்மேக்கர் வாங்கி மாட்டினேன். இரண்டும் பழையபடி மாறி மாறி ஓடுகின்றன.

அடுத்து கலாக்ஸியா. எபாக்சி வைத்து ஒட்டியிருந்ததால் சிற்றுளி வைத்து நெம்பித்தான் எடுக்க முடிந்தது. பக்கத்தில் ஸோவா இருப்பதால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு, நசுங்கினால் கண்ணிலோ காயத்திலோ படக்கூடாது. கலாக்ஸியாவை முன்பக்க மணலில் ஒரு தனிக் கல்லில் வைத்தேன். சுற்றி ஓரடிக்கு யாரும் இல்லை.

அக்கானை வெளியே எடுத்து அயோடின் கலந்த தொட்டித் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்தேன். செத்த வாய்களின் எலும்பை விரலால் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருக்கிறது. தூத்துக்குடியில் இதைத்தான் முருகைக்கல் என்போம். மன்னார் வளைகுடாவிலிருந்து இதை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்குச் சூளையில் சுட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது இந்தியாவில் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, தொடக்கூடாது. அது நல்லது. இங்கே நான் வளர்ப்பவை பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டுகள். அப்படியிருந்தும் ஒரு வாய் செத்தால் மனசு ஆறுவதில்லை. கடலில் அது எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வாழ்ந்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

வெளிச்சத்தைக் குறைத்து ஆறு நாளாகிறது. உச்சியில் மஞ்சள் வைத்த இன்னொரு பவளமான அக்ரோபோரா தேறவும் இல்லை, மோசமாகவும் இல்லை. நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், அது தெரிந்ததுதான். மான்டிபோரா மட்டும் என்னை உறுத்துகிறது. இன்று குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தட்டின் கீழ் ஓரத்தில், வெளிச்சமே படாத இடத்தில், நகத்தால் கிள்ளியதுபோல் வளைவு வளைவாக வெள்ளை. வெளிச்சம் படாத இடத்தை வெளிச்சம் எப்படிக் கெடுக்கும்?

தட்டைக் கழற்றி வெள்ளை வாளியில் வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்தேன். இரண்டு மூன்று மில்லிமீட்டரில், முதுகெல்லாம் இறகுபோல் முளைத்த வெள்ளைப் பூச்சிகள். நுடிபிராங்க். மான்டிபோராவை மட்டுமே தின்று வாழும் ஓடில்லாக் கடல் நத்தை. எலும்பின் நிறத்திலேயே இருப்பதால் அசைந்தால்தான் தெரிகிறது. பூச்சியை உதிர்க்கும் டிப் மருந்தில் பத்து நிமிஷம் முக்கி வைத்து, பேஸ்டர் என்ற பீய்ச்சுங்குழலால் அடித்ததில் பதினொன்று விழுந்தன. ஓரத்துப் பள்ளங்களில் ஜவ்வரிசிக் கஞ்சித் துளிபோல முட்டைக் கூட்டம். மருந்து முட்டையைக் கொல்லாது. பழைய பல் துலக்கியால் சுரண்டினேன், சந்தேகமான ஓரங்களை வெட்டியே எறிந்தேன்.

ஜனவரியில் வாங்கிய ஒரு சிறு மான்டிபோரா துண்டோடு இது வந்திருக்க வேண்டும். அதைத் தனியே வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் போட்டது நான். சந்தையிலிருந்து வருவது எதுவும் குறைந்தது ஒரு மாதம் தனியே இருக்க வேண்டும், இதில் இனி எனக்குச் சமாதானம் கிடையாது.

இரண்டு மான்டிபோராவும் இப்போது பின்னறையில் முப்பது லிட்டர் பெட்டியில். பெரிய தொட்டியில் தின்ன எதுவும் இல்லாவிட்டால் அங்கே மிச்சமிருக்கும் பூச்சி பட்டினியில் போகும்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது டிப். மூன்று பூச்சி. புது முட்டை இல்லை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை தொடர வேண்டும், பொரிப்பவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிட வேண்டும்.

விளக்கணைந்து அரை மணி கழித்து அக்கானுக்கு ஊட்டினேன். மைசிஸ் இறாலை இடுக்கியில் பிடித்து வாயருகே வைத்தால், முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு விளிம்பில் ஊசிமுனைபோலச் சின்னக் கைகள் எழும், இறால் மெல்ல நடுவுக்கு நகரும், வாய் பிளந்து விழுங்கும். ஒரு இறாலுக்கு ஏழு நிமிஷம். கொட்டுப்பட்ட பக்கத்து வாயும் இன்று தின்றது. மூன்று வாரத்தில் முதல் முறை.

மார்ச் 23, ஞாயிறு

கேஎச் 7.9, பாஸ்பேட் 0.05. இடது விளக்கின் மூடியைத் துடைத்தேன், வாராவாரம் இது ஒரு வேலை. நான்காவது டிப் நேற்று இரவு முடிந்தது: பூச்சி பூஜ்யம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கானின் செத்த இரண்டு வாய்களும் திரும்பாது, எலும்பின் மேல் பாசி ஏறிவிட்டது. ஆனால் உயிருள்ள சதை அதன் விளிம்பில் ஏற ஆரம்பித்திருக்கிறது. ஃபேவியாவில் கரைந்த கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் மேல் வெங்காயத்தோல்போல் புதுச்சதை தெரிகிறது. ஸோவா முழுக்கத் தேறிவிட்டது.

மான்டிபோரா இன்னும் பின்னறையில்தான். நேற்று ஏழாவது டிப், நான்காவது முறையாக எதுவும் விழவில்லை. இன்னும் மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும். தட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு வந்திருப்பதைப் பார்த்து ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. லென்ஸில் பார்த்தேன்: வழவழப்பாக, ஒரே சீராக, பாலிப் இல்லாமல். கிள்ளிய தடம் இல்லை. இது வளரும் விளிம்பு. தென்னங்குருத்து வெளுத்திருப்பதுபோல.

உச்சியில் இருக்கும் அக்ரோபோராவின் கிளை நுனியில் பச்சை திரும்புகிறது. விளக்கு இன்னும் ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது, அதை ஒரு வாரம் தள்ளி வைத்தேன்.

ராத்திரி சிவப்பு விளக்கோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கலாக்ஸியா தன் தனிக் கல்லில் இழைகளை வீசிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்றுதான், முன்னைவிடக் குட்டை. வலப்பக்கம் போய், இடப்பக்கம் திரும்பி, மணலைத் தொட்டு எழுகின்றன. அந்தப் பக்கம் அக்கான் எல்லாக் கைகளையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தது. மைசிஸ் எடுக்க எழுந்தேன்.