29,000 படங்களுக்கு ஊர் பெயர் எழுதிய கதை

சித்தப்பாவுக்கு ஒரு கார்த்திகை மாதம் போன் வந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருவர். "ஐயா, அந்த ஊர் கண்மாய்க்கரையில ஒரு தவ்வை, அதான் மூதேவி சிற்பம் இருந்துச்சாமே, இப்ப போனா இல்ல. 96-ல நீங்க படம் எடுத்தீங்கன்னு சொன்னாங்க." சித்தப்பா யோசிக்கவே இல்லை. "இருக்கும்மா, மூணு படம் எடுத்தேன். நாளைக்கு அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த நாளை வர ஆறு நாள் ஆனது. நான்கு ஹார்ட் டிஸ்க், அறுபத்திரண்டு சிடி, இரண்டு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ். கடைசியில் 'புதுசு 2' என்ற ஃபோல்டருக்குள், என் தங்கை கல்யாணப் படங்களுக்கு நடுவில், தவ்வை உட்கார்ந்திருந்தாள்.

சித்தப்பா புதுக்கோட்டைக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1984-லிருந்து சனி ஞாயிறு வந்தால் போதும், முதலில் சைக்கிள், பிறகு டிவிஎஸ் 50. குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், மலையடிப்பட்டி என்று சுற்றிக்கொண்டே இருப்பார். பெரிய கோயில்களைவிடப் பொட்டலில் கிடக்கும் கல்தான் அவருக்கு முக்கியம். 2005-ல் டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு என்று சித்தி இன்றைக்கும் சொல்வார். ஒரு ரோலில் 36 படம் என்ற கட்டுப்பாடு போய், ஒரே தூணுக்கு அறுபது படம் என்றாகிவிட்டது.

இதை ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று குடும்பத்தில் பெயர் எடுத்தால் வரும் வினை.

முதலில் எக்செல் ஷீட் போட்டேன். 400 வரி தாண்டியதும் படத்தின் பெயர் மாறினால் ஷீட் செத்துப்போகிறது என்று புரிந்தது. பிக்காசா என்ற படத்தொகுப்பு சாஃப்ட்வேரை 2016-லேயே கூகுள் நிறுத்திவிட்டது. அதில் சித்தப்பா போட்டு வைத்திருந்த ஆல்பம் பிரிவுகள் எல்லாம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தன. கூகுள் போட்டோஸில் இலவசமாக எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதும் 2021 ஜூனோடு முடிந்த கதை. நிறுவனங்கள் பயன்படுத்தும் ரிசோர்ஸ்ஸ்பேஸையும் பார்த்தேன். நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனால் ஒரு வாத்தியார் வீட்டுக்குத் தனி சர்வர் வைப்பது கொஞ்சம் அதிகம். கடைசியில் டிஜிகாம் என்ற, படங்களை அடுக்கி வைக்கும் சாஃப்ட்வேரில் வந்து நின்றேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். நம் ஃபோல்டர்களை அப்படியே ஆல்பமாகக் காட்டும். படத்தை வேறெங்கும் தூக்கிக்கொண்டு போகாது.

முதல்முறை திறக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் எழுதும் டேக் (தேடிப் பிடிக்க உதவும் அடையாளச் சொல்), விளக்கம் எல்லாவற்றையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதவா, அல்லது கோப்பைத் தொடாமல் இருக்கவா? ஒரிஜினலைத் தொடுவதா என்று பயந்து, தொடவேண்டாம் என்று கொடுத்தேன்.

மூன்று வாரம் இரவு பகலாக டேக் போட்டோம். சித்தப்பா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஏறக்குறைய 2,100 படம். தை பிறந்த வாரத்தில் லேப்டாப் டிஸ்க் போய்விட்டது. படங்கள் எல்லாம் வெளி டிஸ்கில் பத்திரமாக இருந்தன. எழுதியது அத்தனையும் லேப்டாப்பில் இருந்த டேட்டாபேஸ் கோப்பில் இருந்தது, அதோடு போயிற்று. சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒருநாள் முழுக்க போனை எடுக்கவில்லை. சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "படம் இருக்குல்ல? அப்ப மறுபடி சொல்றேன், எழுது."

இரண்டாவது தடவை அமைப்பை மாற்றினேன். டேக், விளக்கம், தேதி, இடம் எல்லாம் ஜேபெக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். நெகட்டிவ் ஸ்கேன் செய்த டிஃப் கோப்பு ஒவ்வொன்றும் 80 எம்பி. அதை ஒவ்வொரு முறையும் திருப்பி எழுதவேண்டாம் என்று, பக்கத்திலேயே குறிப்புகளை மட்டும் தாங்கும் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பு வைக்கச் சொன்னேன். இனி டிஜிகாமே இல்லாமல் போனாலும், இந்தக் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்த வேறு எந்த சாஃப்ட்வேரில் திறந்தாலும் ஊர் பெயர் கூடவே வரும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஸ்ரீபுரந்தான். அரியலூர் மாவட்டத்து ஊர் அது. அங்குள்ள கோயிலின் நடராஜர் சிலை திருடப்பட்டு, 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994-ல் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த படம்தான் அது எந்த ஊர்ச் சிலை என்று அடையாளம் காட்டியது. 2014-ல் சிலை திரும்பி வந்தது. அந்தப் படத்தின் பின்னால் ஊரும் வருடமும் குறித்து வைக்காமல் விட்டிருந்தால்? எங்கள் 'புதுசு 2' மாதிரி ஒரு பெட்டியில் அது கிடந்திருந்தால்?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எல்லாவற்றையும் ஒரே டிஸ்குக்குக் கொண்டுவந்தேன். சிடிகளில் ஏழு படிக்கவே இல்லை. இரண்டில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. சேர்ந்தது 43,000 கோப்பு. ஒரே படம் மூன்று டிஸ்கில் இருப்பதைத் தூக்கியதும் 29,000.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிஜிகாமில் ஒத்த படங்களைத் தேடும் வசதி உண்டு. 90 சதவீதம் ஒத்திருந்தால் காட்டு என்று வைத்தேன். கல்வெட்டுப் படங்கள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. ஆகா, இடம் மிச்சம் என்று அழிக்கப் போனபோது சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, இது காலைல எடுத்தது, இது நாலு மணிக்கு எடுத்தது. பாரு." பெரிதாக்கிக் காட்டினார். காலைப் படத்தில் மொட்டைப் பாறை. சாயங்காலப் படத்தில் வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நூல் மாதிரி நிழல்; நானே நான்கு எழுத்து படித்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்று. அதன்பிறகு பைட்டுக்கு பைட் ஒன்றாக இருப்பதை மட்டும்தான் அழித்தோம்.

முகம் கண்டுபிடிக்கும் வசதியையும் ஒருநாள் ஓடவிட்டேன். துவாரபாலகர்களை எல்லாம் சதுரம் போட்டுப் பிடித்து வந்து 'இவர் யார்?' என்று கேட்டது. அதில் ஒருவருக்கு எங்கள் பெரிய மாமா பெயரைப் பரிந்துரைத்தது. மீசையைப் பார்த்தால் குறை சொல்ல முடியவில்லை.

தேதிதான் பெரிய தலைவலி. பழைய கேமராவில் பேட்டரி செத்தால் கடிகாரம் முதல் நாளுக்கே போய்விடும். ஆயிரம் படத்துக்குமேல் ஒரே ஜனவரி 1-ஆம் தேதி. காப்பாற்றியது சித்தப்பாவின் ஒரு பழக்கம்: எந்த ஊருக்குப் போனாலும் கிளம்பும்போது அன்றைய பேப்பரின் தலைப்பையோ டீக்கடைக் காலண்டரையோ ஒரு படம் எடுத்துவிடுவார். ஃபிலிம் காலத்து ஃபிரேமை வீணாக்குகிறார் என்று சித்தி திட்டுவாராம். அந்த ஒரு படத்தின் உண்மைத் தேதியை வைத்து, அந்தத் தொகுதி முழுவதையும் அத்தனை நாள் தள்ளி நகர்த்தினேன். டிஜிகாமிலேயே அதற்குக் கருவி இருக்கிறது. நெகட்டிவ் விஷயம் வேறு. ஸ்கேன் செய்த நாளைத்தான் கம்ப்யூட்டர் எடுத்த நாள் என்று நினைத்துக்கொள்ளும். நோட்டில் '1987 மழைக்காலம்' என்று இருந்தால் மழைக்காலத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 1987 நவம்பர் 1 என்று போட்டு, 'தேதி தோராயம்' என்று ஒரு டேக்கும் சேர்த்தோம். அந்த டேக் இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து யாராவது நவம்பர் 1-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து தமிழ். கோயிலா, கோவிலா? நான் ஒன்று தட்ட, சித்தப்பா மகன் இன்னொன்று தட்ட, கொடும்பாளூர் மூவர் கோயில் படங்கள் இரண்டு டேக்கில் பாதிப் பாதியாகப் பிரிந்து கிடந்தன. அங்கே மூன்று விமானத்தில் (கருவறைக் கோபுரத்தில்) ஏற்கெனவே ஒன்று இல்லை. நாங்கள் மிச்சம் இரண்டையும் பிரித்துவிட்டோம். ஒரு நோட்டில் சொற்பட்டியல் எழுதி மேசையில் ஒட்டினோம். அதில் இல்லாத சொல்லை யாரும் புதிதாகத் தட்டக்கூடாது.

அதன் பிறகும் 'கொடும்பாளூர்' என்ற ஃபோல்டர் இரண்டு இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இரண்டு நாள் கழித்துத்தான் விடை கிடைத்தது. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக வைக்கலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. சித்தப்பா மகனின் பழைய மேக், கோப்புப் பெயர்களைப் பிரித்துப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து வந்த ஃபோல்டர் அது. கொ, போ, சௌ வரும் எல்லா ஊருக்கும் இதே கதி என்பதால், எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினேன். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய குறிப்புகளை என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். அது சுலபமாக முடிந்துவிட்டது.

ஊர் பெயரை மொத்தமாக எழுத எக்ஸிஃப்டூல் என்ற கருவியைப் பயன்படுத்தியபோது இன்னொரு வேடிக்கை. முதலில் எல்லா ஊரும் கேள்விக்குறிகளாக வந்தன. படத்துக்குள் குறிப்பு எழுதும் பழைய ஐபிடிசி பகுதியில் எழுத்துமுறை யுடிஎஃப்-8 (யூனிகோடை வைக்கும் முறை) என்று நாமே சொல்லாவிட்டால் அது லத்தீன் என்று எடுத்துக்கொள்ளும். சொன்னேன். அடுத்து வந்தது 'குடுமியான்'. மலையைக் காணோம். அந்தக் கட்டத்தில் ஊர் பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 32 எழுத்து தாராளம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். குடுமியான்மலைக்கு 39 வேண்டும். படத்துக்குள்ளேயே இருக்கும் எக்ஸ்எம்பி பகுதியில் இந்தக் கஞ்சத்தனம் இல்லை. ஆகவே ஊர், விளக்கம் எல்லாவற்றையும் அங்கே எழுதினோம். தமிழில் இந்த வேலையைத் தொடங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

டேக் வரிசையில் நானும் சித்தப்பாவும் சண்டை போட்ட ஒரே இடம் நார்த்தாமலை. அங்குள்ள விஜயாலய சோழீஸ்வரம் கோயிலைச் 'சோழர்' என்பதன்கீழ் போட்டேன். "யாருடா சொன்னா?" என்றார். அங்குள்ள கல்வெட்டோ சாத்தன் பூதி கட்டினான், மழையில் இடிந்தது, மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்கிறது. முத்தரையர் என்ற சிற்றரசர் மரபின் பெயர்கள். அப்படியானால் முத்தரையர் என்று போடலாமா என்றால், அதற்கும் சம்மதிக்கவில்லை. "நீ யார் கட்டுனாங்கறத விடு. என்ன தெரியுதுன்னு எழுது. வட்டமான கருவறை, கல்வெட்டு, துவாரபாலகர். அரசன் பேரு அப்புறம் மாறும், வட்டம் சதுரமாயிடாது." அரசமரபு டேக் முழுவதையும் எடுத்துவிட்டோம். வட்டம், ஊர், தாலுகா, கல்வெட்டு, தவ்வை, நடுகல், தூண். இவைதான் இருக்கின்றன.

பகிர்வதற்கு பிவிகோ என்ற இணையப் படத்தொகுப்பு சாஃப்ட்வேரை ஒரு சாதாரண ஹோஸ்டிங்கில் நிறுவினேன். டிஜிகாமிலிருந்தே அதற்கு ஏற்றலாம். 1600 பிக்ஸலுக்குச் சுருக்கித்தான் வெளியே போகும். பெரிய கோப்பு வேண்டுபவர் கேட்டால் தருவோம். வாட்டர்மார்க் போடலாம் என்றேன். சாமி முகத்தில் என் பெயரா என்று மறுத்துவிட்டார். இருப்பிடத்தில் மட்டும் கறாராக இருந்தோம். கோயிலுக்குள் இருப்பவற்றுக்கு இடம் திறந்திருக்கும். வயலிலும் கண்மாய்க்கரையிலும் காவலின்றிக் கிடப்பவற்றின் ஜிபிஎஸ் எண்ணை வெளியே போகும் பிரதியிலிருந்து நீக்கிவிடுகிறோம். அந்த ஆல்பத்தை எங்களுக்குத் தெரிந்தவர் மட்டுமே திறக்க முடியும். வீட்டுப் பிரதியில் எல்லாம் இருக்கிறது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதியதெல்லாம் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் தங்கும். இதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க எடுத்த நேரத்தில் இன்னொரு பிஸ்கட் டின்னை ஸ்கேன் செய்து முடித்திருக்கலாம்.

பதினோரு மாதம் ஆயிற்று. மாணவிக்கு அந்த மூன்று தவ்வைப் படங்களையும் மறுபடி அனுப்பினோம், இந்த முறை ஊர், கரை, 1996 எல்லாம் உள்ளே எழுதி.

இப்போது 'இடம் தெரியவில்லை' என்ற டேக்கில் 1,140 படம் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சித்தப்பா லேப்டாப் முன்னால் உட்காருவார். போன வாரம் ஒரு பிடாரி படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின்னால் ஓரமாகத் தெரிந்த டிவிஎஸ் 50-இன் பின் டயரைப் பெரிதாக்கச் சொன்னார். டயர் தட்டையாகக் கிடந்தது. "பஞ்சர்" என்றார். "அன்னிக்கு விராலிமலை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனேன். நோட்டை எடு."