மூன்று ராமகிருஷ்ணன்கள்

‘யாமம்’ நாவலைப் படித்த கையோடு எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனின் (எஸ்.ரா.) எல்லாப் புத்தகங்களையும் படித்துவிடுவது என்று கிளம்பிய மாணவி ஒருத்தி, ஒருநாள் ‘கம்பனும் மில்டனும்’ நூலை எங்கள் நூலகத்தில் என்னிடம் திருப்பித் தந்தாள். “சார், இதுல ஆளே வேற மாதிரி எழுதியிருக்காரே.”

ஆளே வேறுதான். அது எஸ்.ஆர்.கே. என்று மதுரைப் பக்கம் அறியப்பட்ட மார்க்சிய ஆய்வாளர் எழுதியது. இருவரையும் ஒருவராக்கியது நான்தான். நூலகப் பட்டியலை வைத்திருக்கும் கோஹா மென்பொருளில் ‘ராமகிருஷ்ணன், எஸ்.’ என்றும் ‘இராமகிருஷ்ணன், எஸ்.’ என்றும் இரண்டு பெயர்ப் பதிவுகள் கிடந்தன. யாரோ முன்னால் ‘இ’ போட்டுவிட்டார்கள், அவ்வளவுதானே என்று ஒரு சாயங்காலம் இரண்டையும் சேர்த்துவிட்டேன். தேடிப் பார்த்தால் ‘க்ரியா’ பதிப்பகத்தின் ராமகிருஷ்ணனும் அதே பதிவுக்குள் உட்கார்ந்திருந்தார்.

வாசகர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. எஸ்.ரா., எஸ்.ஆர்.கே., க்ரியா ராமகிருஷ்ணன் என்று அவர்கள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். கேட்டலாக்தான் தலைப்புப் பக்கத்தில் இருப்பதை மட்டும் எழுது என்கிறது. தலைப்புப் பக்கத்திலோ மூவரும் எஸ். ராமகிருஷ்ணன்.

சேர்க்க ஒரு நிமிடம். பிரிக்க இரண்டு நாள். ஒவ்வொரு புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து, முன்னுரையின் அடியில் ஊர் பெயர் இருக்கிறதா, முதல் பதிப்பு எப்போது என்று பார்த்தேன். எஸ்.ரா. பிறந்தது 1966. அவர் எழுத வருவதற்கு முன்பே அச்சான நூல் என்றால் அவரை உடனே கழித்துவிடலாம். ஆனால் பழைய நூலை மறுபதிப்புப் போட்டு, புதிய ஆண்டை மட்டும் அச்சடிக்கும் பதிப்பகங்கள் இருக்கின்றனவே, வயிற்றெரிச்சல்! சந்தேகம் வந்தால் தனித்தனியாகவே விட்டுவைப்பது நல்லது என்பது அந்த இரண்டு நாளில் புரிந்தது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அந்த ‘எஸ்.’ இன்னொரு நூலில் ‘ச.’ என்றோ ‘சு.’ என்றோ வரும். அதனால் கடைசியில் பிறந்த ஆண்டுதான் கைகொடுக்கிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதனும் தன் கேட்டலாக் விதிகளில் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் அந்த ஆண்டைத்தான் போட்டார்.

அதைக் கேட்டு வாங்குவது தனிக் கதை. உள்ளூர்க் கவிஞர் ஒருவருக்குப் போன் போட்டேன். “எந்த வருஷம் சார் வேணும்? சர்டிபிகேட்ல இருக்கிறதா, நெசமாப் பொறந்ததா?” என்றார். சர்டிபிகேட்டில் இருப்பதே போதும் என்றேன். அவர் பெயரிலேயே ஒருவர் மருத்துவ நூல் எழுதியிருக்கிறார். அவருடைய ஆண்டு எங்கு தேடியும் அகப்படவில்லை. இப்போதைக்கு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘ஹோமியோபதி மருத்துவர்’ என்று போட்டு வைத்திருக்கிறேன்.