பிரண்டை ஏன் அரிக்கிறது?

எலும்புக்கு நல்லது, கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லித்தான் பிரண்டைப் பொடி விற்கிறார்கள். கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் அதில் ஒரு பங்கு, செடியிலேயே இருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருளோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகத் தண்டுக்குள் கிடக்கிறது. நறுக்குகிற கையிலும் தின்ற தொண்டையிலும் குத்துவது அந்த ஊசிகள்தான். அரிப்பது எதுவோ அதுவே கால்சியம். அந்த வடிவத்தில் உடம்பில் ஒட்டுவது மிகக் குறைவு.

இதைத் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். போர் தண்ணீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளோரைடு மிகுந்த பூமி இது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே அதற்காகத்தான். இன்னும் போர் தண்ணீரையே குடிக்கிற வீட்டில் கால்சியம் குறைந்தால் பாதிப்பு கூடும், குடலில் ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்துவது கால்சியம் என்பதால். அது நம் களியிலேயே இருக்கிறது: 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம். கூட மோர். பிரண்டையை ருசிக்கும் நார்ச்சத்துக்கும் சாப்பிடுங்கள், பொடிக்குக் காசு அழ வேண்டாம்.

துவையலுக்குக் கொடி நுனியில் மூன்று நான்கு கணு போதும். ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றல். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை வெட்டி எறிந்து, நான்கு விளிம்பிலும் நாரை உரித்துப் பொடியாக நறுக்குங்கள். 150 கிராம் துண்டுக்கு மூன்று ஸ்பூன் எண்ணெய், சிறு தீ, பத்து நிமிடம். பச்சை போய்ப் பழுப்பேற வேண்டும். பாதி வதங்கினதை அரைத்தால் அன்றைக்குத் தொண்டை போச்சு. வறுத்த உளுந்து இரண்டு ஸ்பூன், காய்ந்த மிளகாய் ஐந்து, சின்ன எலுமிச்சை அளவு புளி. புளியில் கஞ்சத்தனம் கூடாது, அரிப்பை அடக்குவது அந்தப் புளிப்புதான்.

களிக்குச் சரியான ஜோடி என்றால் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும். மழைக்குப் பின் மானாவாரிக் காட்டில் களையெடுக்கும்போதே கிடைக்கும். பண்ணைக்கீரை இளஞ்சிவப்புக் கதிர் விடுவதற்கு முன்பே பறித்துவிட வேண்டும், அப்புறம் இலை நாராகிவிடும். மண் போக மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு பெரிய கைப்பிடிக் கீரைக்கு 100 கிராம் துவரம்பருப்பு, பத்து சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். பருப்பு மலர்ந்த பிறகு கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் வேகவிட்டு மத்தால் கடையுங்கள். புளி கடைசியில்தான். முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாது, கீரையும் காக்கி நிறமாகிவிடும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் கீரையைத் தனியாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கல் சேரக் காரணமாகிற, கரைகிற ஆக்ஸலேட்டில் பெரும்பங்கு அதோடு போய்விடும். வைட்டமின் சியும் போகும்தான். மற்றவர்கள் கொட்ட வேண்டியதில்லை. பருப்புக்கீரைக்கும் இதே கணக்கு, அதில் ஆக்ஸலேட் அதிகம்.

தக்காளித் தோட்டத்திலும் பூத்தோட்டத்திலும் வரப்போரம் தளதளவென்று நிற்பதைத் தொடாதீர்கள். அங்கே மருந்தடிப்பு நிற்பதே இல்லை. தேசிய நெடுஞ்சாலை ஓரத்துக் கீரையும் வேண்டாம்.

இரும்புச்சத்துக்காகக் கீரை சாப்பிடுகிறவர்கள் மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும்.