கடிகாரம் வரையச் சொன்னார்கள்

முதலில் கவனித்தது நான் இல்லை, தங்கை. "இதே கதையை மூணாவது தடவையா சொல்றீங்க அண்ணா" என்றாள். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அரை மணி நேரத்தில் முடிகிற கணக்கு வேலைக்கு ஒன்றரை மணி நேரம் பிடிப்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

எச்.ஐ.வி. தெரிய வந்தபோது என் சிடி4 (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) 92தான். அதற்குப் பிறகு ஆறு வருடம் மாத்திரை தவறியதில்லை, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, எப்போதும் 50க்குக் கீழேதான். "வைரஸ் அடங்கிக் கிடக்குதே, வயசாகுதில்ல" என்று சொல்லி ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். எனக்கு வயது 47!

இரண்டாவதாகப் பார்த்தவர் பொறுமையாக விளக்கினார். தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே, வெள்ளணுக்களுக்குள் ஒளிந்தபடி வைரஸ் மூளைக்குப் போய்விடுமாம். நரம்பணுக்களை அது நேரடியாகப் பிடிப்பதில்லை. அவற்றைச் சுற்றியிருக்கும் பாதுகாப்பு அணுக்களில் தங்கி அழற்சியைக் கிளப்புகிறது. மருந்து எடுத்தாலும் அந்த அழற்சி சிலருக்கு முழுதாக அடங்காது. சிடி4 ஒரு காலத்தில் எவ்வளவு கீழே போனது என்பதும் முக்கியம் என்றார். அதுவரை எல்லோரும் இப்போதைய எண்ணை மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

அன்றைக்கே ஒரு சின்னப் பரிசோதனை. மொத்தம் 30 மதிப்பெண், 26 வந்தால் இயல்பு. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்ட வேண்டும்; அது வந்துவிட்டது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79 வரை ஒழுங்காக வந்து, 71 என்றேன். கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். ஐந்து வார்த்தைகளைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்; இரண்டுதான் வந்தன. மொத்தம் 23.

இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன் என்று சொல்லி, தைராய்டு, பி12, சர்க்கரை, சிபிலிஸ் என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உண்டு. சிலருக்கு ரத்தத்தில் வைரஸ் தென்படாமலே மூளைத் தண்டுவட நீரில் பெருகுமாம். ஆனால் மற்றதைச் சரிசெய்தும் தேறாவிட்டால்தான் அந்த நீரை எடுக்க முதுகில் ஊசி என்றார். அப்பாடா.

பிறகு தூக்கம் எப்படி என்று கேட்டார். நான் எச்.ஐ.வி.க்குப் போட்டுக்கொண்டிருந்த எஃபாவிரென்ஸ் மாத்திரையால் வரும் விபரீதக் கனவுகளை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று ஆறு வருடம் அரைத் தூக்கத்தில் ஓட்டியிருக்கிறேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. பி12 அடிமட்டத்தில் இருந்தது. ரத்த அழுத்தமும் 150க்கு 95.

அந்த மாத்திரையை டோலுடெக்ராவிர் என்ற வேறொரு எச்.ஐ.வி. மருந்துக்கு மாற்றினார். அதுவும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் காலையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.) பி12 ஊசி, அழுத்தத்துக்கு மாத்திரை, தினமும் வேக நடை.

ஆறு மாதம் கழித்து, வேறு வார்த்தைகளோடு மறுபடியும். 27. அதன்பின் நடந்த இரண்டரை மணி நேர விரிவான சோதனையில் யோசிக்கும் வேகம் மட்டும் இன்னும் கொஞ்சம் குறைவு என்று வந்தது. அது எச்.ஐ.வி.யின் மிச்சமாக இருக்கலாமாம். கணக்கை இப்போது இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

மருத்துவரிடம் போகும்போது கூட இருப்பவர் ஒருவரை அழைத்துப் போங்கள். என் மறதியைப் பற்றி மருத்துவரிடம் பாதிக்கு மேல் சொன்னது தங்கைதான்.

இப்போதெல்லாம் அவளிடம் எதையும் ஆரம்பிக்கும் முன், "இதைச் சொல்லிட்டேனா?" என்று கேட்டுவிடுகிறேன்.

"சொல்லிட்டீங்க. பரவாயில்ல, சொல்லுங்க."