கெய்சர் ஒருவர் மட்டும்தானா?

முதல் உலகப் போருக்கு கெய்சர் என்று அழைக்கப்பட்ட ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம்தான் காரணம் என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். 1914 ஜூலையை நாள் நாளாகப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜூலை 5 அன்று, செர்பியா மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் துணை நிற்போம் என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்தான். மறுநாளே நார்வே பக்கம் கப்பலேறிவிட்டார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் ஆஸ்திரியா அனுப்பிய இறுதி எச்சரிக்கைக்கு செர்பியா தந்த பதிலை ஜூலை 28 காலை படித்துவிட்டு, போருக்கான காரணமே போய்விட்டது என்று அந்தத் தாளிலேயே எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா போர் அறிவித்தது. 30ஆம் தேதி ரஷ்யா முழுப் படையையும் திரட்ட ஆணையிட்டது. ஆகஸ்ட் 1 மாலை, மேற்கே பிரான்ஸ் பக்கம் போகாமல் படையைக் கிழக்கே ரஷ்யா பக்கம் மட்டும் திருப்ப முடியுமா என்று தளபதி மோல்ட்கேயிடம் கேட்டார் கெய்சர். முடியாது என்றார் அவர். ரயில் நேர அட்டவணை வரை போட்டு வைத்த திட்டமாம்! பேரரசரே கேட்டும் மாற்ற முடியாத திட்டம். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 227ஆம் பிரிவு அவரை மட்டும்தான் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. அவர் அடைக்கலம் புகுந்திருந்த நெதர்லாந்து அவரை ஒப்படைக்கவில்லை. அங்கே டூர்ன் என்ற ஊரில் மரம் வெட்டிக்கொண்டு 1941 வரை வாழ்ந்தார். சரி, வியன்னாவில் அந்த இறுதி எச்சரிக்கையை அனுப்பிய ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்டை யார் கேட்டார்கள்?